பன்னிரண்டாவது எண்ணிக்கை

படத்தில் தன் வேஷத்தில் யார் நடிக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது குருவி யாரோ ஒருவருடைய கால்சட்டையில் பழைய ஜிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். படக் கம்பெனியில் நடிகர் தேர்வு பார்க்கிற பெண் கடைக்கே வந்து, துணி வெட்டும் மேசைமேல் ஒரு போட்டோவை வைத்தாள். உப்பின கன்னம், உருட்டு விழி, கோணல் வாயில் ஒரு சிரிப்பு. பத்துப் படத்தில் வேலைக்காரியாக வந்து பத்திலும் வழுக்கி விழுந்தவள்.

"இவங்கதான் மேடம் நீங்க" என்றாள் அந்தப் பெண்.

குருவி ஜிப்பைக் கீழே வைத்தாள். "அப்போ அவ யாரு?"

அவள் என்றால் மின்னல். அந்தப் பேரை இந்தக் கடைக்குள் சொல்கிற வழக்கமில்லை. வந்த பெண் தயங்கித் தயங்கி இன்னொரு போட்டோவை எடுத்தாள். பார்த்ததும் குருவிக்கு வயிறு எரிந்தது. அந்த வருஷம் எந்தச் சுவரைப் பார்த்தாலும் அந்த முகம்தான். நடித்தால் அவள்தான் என்று ஜனங்கள் தலையில் தூக்கிவைத்து ஆடிய நடிகை. அவள் மின்னலாம். வழுக்கி விழுகிறவள் குருவியாம்!

"யாரு முடிவு பண்ணது?"

"டைரக்டர் சார்தான்... மின்னல் மேடமும் கூட இருந்தாங்க. அவங்களும் படத்துல ஒரு தயாரிப்பாளர் இல்லையா..."

"அதானே பார்த்தேன்" என்றாள் குருவி.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் 'மூணு குடை' என்றால் தெரியாத வீடு கிடையாது. மூன்று பெண்கள், மூன்று வண்ணக் குடைகள். முன்னால் நின்று பாடுகிறவள் மின்னல். அவள் குரலுக்கு மேலே ஒரு சுருதி ஏற்றித் துணைக்குரல் கொடுக்கிறவள் குருவி. கீபோர்டு வாசிக்க ஒருத்தி. மேடைக்கு வைத்த பேர்கள்தாம், அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டன. கீபோர்டுக்காரி கல்யாணம் பண்ணிக்கொண்டு கடல் தாண்டிப் போய்விட்டாள். "என் வேஷத்துல யாரு வேணா நடிக்கட்டும், ஒல்லியா இருந்தா போதும்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டாள். மற்ற இரண்டு பேரும் இருபத்தாறு வருஷமாக முகத்தில் முழித்துக்கொள்ளவில்லை. மின்னல் தனியாகப் பாடிக்கொண்டுதான் இருந்தாள், பேரும் வாங்கினாள். ஆனால் அந்தக் குரல் எங்கே கேட்டாலும் குருவி பட்டனை அமுக்கிவிடுவாள். பக்கத்துக் கடை ரேடியோவையே சண்டை போட்டு நிறுத்தியவள் அவள். பிரிந்த நாளிலிருந்து மின்னல் பாடிய ஒரு பாட்டை, ஒரு வரியை, அவள் காதில் வாங்கியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

"உங்க சார்கிட்ட போய்ச் சொல்லு" என்றாள் குருவி. "அந்தப் பெரிய நடிகை நானா நடிச்சா கையெழுத்து. இல்லேன்னா என் குரல் இருக்கிற ஒரு பாட்டும் படத்துல வரக்கூடாது. படமும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது."

அவள் குரல் இல்லாத பாட்டே மூணு குடைக்குக் கிடையாது. அது எல்லாருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலமே மகள் அதைக் கடிதமாக எழுதிவிட்டாள். மகள் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்ப்பவள். ஒரு காற்புள்ளியைக்கூடச் சும்மா விடமாட்டாள். 'மேற்படி நடிகை என் வேடத்தை ஏற்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவேன். வேறு நிபந்தனை எதுவும் இல்லை' என்று அடித்து, அம்மாவிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினாள். "இந்த ஒண்ணையாவது அந்தப் பொம்பளைகிட்ட இருந்து பிடுங்கிக் கொடுக்கிறேன்மா" என்றாள். அம்மாவுக்காக மின்னலை வெறுப்பதில் மகள் அம்மாவையே மிஞ்சிவிடுவாள்.

அவள் வெறுக்கக் காரணம் இருந்தது. காரணத்தைக் கொடுத்தவள் குருவிதான்.

மூணு குடையின் பெரிய பாட்டு, மழைப் பாட்டு. அது தொடங்கும்போது குடைகளைத் தூக்கி வீசிவிட்டு மின்னலும் குருவியும் கைகோத்து நிற்பார்கள். அதைப் பார்த்துத்தான் ஊரே உருகியது. பள்ளிக்கூடப் பெண்கள் நோட்டு அட்டையில் அந்தப் படத்தை ஒட்டிக்கொண்டார்கள். சிநேகிதம் என்றால் இதுதான் என்றார்கள். எடுக்கப்போகிற படத்துக்கே 'கைகோத்து நின்றோம்' என்றுதான் பேர். குருவி அதைக் கேட்டுவிட்டு ஒரு பாவாடை முழுக்க மடிப்புத் தைத்து முடிக்கும்வரை சிரித்தாள்.

சிநேகிதமாவது ஒன்றாவது! மின்னலுக்கு எண்ண வராது. அவ்வளவுதான் சங்கதி. குரல் என்னவோ தேன். தாளம் மட்டும் சுத்தமாகக் கிடையாது. மழைப் பாட்டின் முன்னிசையில் பன்னிரண்டு எண்ணிக்கை. எட்டாவதில் டிரம் நின்றுபோகும். கேட்கிறவனுக்கு அங்கேதான் பாட்டு தொடங்கும் என்று தோன்றும், ஆனால் பாட்டு பன்னிரண்டில்தான் எடுக்க வேண்டும். மின்னல் ஒத்திகைக்கு ஒத்திகை எட்டிலேயே குதித்துவிடுவாள். ரெக்கார்டிங்கில் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இசையமைப்பாளர் கையைக் காட்டினார். மேடையில் யார் காட்டுவது? குருவி கையைப் பிடித்துக்கொண்டாள். எட்டு தாண்டும்வரை இறுக்கிப் பிடிப்பாள், பன்னிரண்டில் ஒரு அழுத்து அழுத்துவாள். மின்னல் வாயைத் திறப்பாள். ஊர் உருகும்.

கடைசிக் கச்சேரியில் அந்த அழுத்து வரவில்லை. மைதானம் நிறையக் கூட்டம். மின்னல் எட்டில் குதித்தாள். வாத்தியங்கள் ஒருபக்கம், அவள் ஒருபக்கம். நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தாள், அதுவும் தப்பு. முதல் வரிசையில் யாரோ சிரிக்க, சிரிப்பு பின்வரிசைவரை போயிற்று. மின்னல் மேடையை விட்டு இறங்கினாள். மூணு குடை அதோடு மடங்கிவிட்டது. ஸ்பீக்கர் கோளாறு என்று பத்திரிகைக்குச் சொன்னார்கள். படத்தின் கதையிலும் ஸ்பீக்கர் கோளாறுதான்.

மகளுக்குக் குருவி சொன்னது வேறு. "கை வேர்த்து வழுக்கிடுச்சும்மா. அதுக்குப் போய் அந்த ராட்சசி, என் முகத்துல முழிக்காதேன்னுட்டா. எத்தனை வருஷப் பழக்கம், ஒரு வேர்வைக்கு வெட்டி விட்டுட்டா." மகள் அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள்.

ஒரு வாரம் கழித்துப் படக் கம்பெனி கூப்பிட்டது. அந்தப் பெரிய நடிகையே ஒரு ஒத்திகை பார்த்துவிட்டு எந்த வேஷம் என்று முடிவு சொல்வாளாம். இரண்டு மேடம்களும் வர வேண்டுமாம்.

ஒத்திகைக் கூடம் ஒரு மாடியில் இருந்தது. பலகைத் தரை, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. நடிகர்கள் நிற்க வேண்டிய இடங்களில் சிவப்பு டேப்பைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டியிருந்தார்கள். ஏசியிலிருந்து தண்ணீர் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. முக்காலியில் ஒரு கேமரா. டைரக்டர் முப்பது வயது இளைஞர். யார் என்ன சொன்னாலும் "சூப்பர்" என்பார்.

மின்னல் ஏற்கெனவே வந்து நடுநாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலை நரைத்திருந்தது, மறைக்கவில்லை. திமிர் மட்டும் நரைக்கவில்லை என்று குருவி நினைத்துக்கொண்டாள்.

"இதுதான் உன் பொண்ணா?" என்றாள் மின்னல், இருபத்தாறு வருஷம் நடுவில் இல்லாதது மாதிரி. "வாம்மா. பெரியம்மான்னு கூப்பிட மாட்டியா?"

"அப்படி ஒருத்தங்க இருக்கிறதா அம்மா சொல்லல மேடம்" என்றாள் மகள். மின்னல் முகத்தில் ஈயாடவில்லை. குருவிக்குக் குளுகுளுவென்று இருந்தது.

"நீ ஏன்டி அந்தக் காமெடிக்காரிய வேணாங்கிற?" என்று மின்னல் குருவியின் பக்கம் திரும்பினாள். "நல்லாத்தானே பொருந்துது. நீயும் மேடையில என் காலடியில விழுந்து எழுந்தவதானே."

"உன் பாவாடையத் தூக்கிப் பிடிக்கக் குனிஞ்சதை எல்லாம் விழுந்த கணக்குல சேர்த்துட்டியா? நான் குனியலைன்னா நீ மேடையில மானம் போய் நின்னிருப்ப."

"தைச்சவ நீ. கழண்டது உன் தையல்."

"தின்னு கொழுத்தது நீ."

"சூப்பர்" என்றார் டைரக்டர், எதையாவது சொல்லி வைக்க வேண்டுமே என்று.

நடிகை உள்ளே வந்தாள். சுவரில் பார்க்கிற பகட்டு எதுவும் இல்லை. கசங்கின சட்டை, ரப்பர் போட்டுக் கட்டின முடி. எல்லாருக்கும் வணக்கம் சொன்னவள் யார் முகத்தையும் அதிகம் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தாள். குருவி அதைக் கவனித்தாள். தையல்காரிக்கு அளவெடுக்கிற கண் தெரியாதா?

"முதல்ல மின்னல் மேடமா நின்னு பார்க்கிறேன் சார்" என்றாள் நடிகை. "பக்கத்துல குருவி மேடமே நிக்கட்டும். காமெடி பண்றவங்க இன்னும் வரலையே."

குருவிக்கு மறுப்பதா வேண்டாமா என்று யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. சிவப்பு டேப்பின்மேல் நிறுத்திவிட்டார்கள். நடிகை கையை நீட்டினாள். பழைய முன்னிசை ஒலித்தது. எட்டில் டிரம் நின்றதும் நடிகையின் தோள் துள்ளியது. குருவி கையை இறுக்கினாள். பன்னிரண்டில் அழுத்தினாள். நடிகை வாயைத் திறந்து பதிவான குரலுக்கு உதட்டை அசைத்தாள், மயிரிழை பிசகவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பதே குருவிக்கு உறைத்தது. இருபத்தாறு வருஷமாகியும் கை மறக்கவில்லை, சனியன்!

"சூப்பர்" என்று டைரக்டர் கைதட்டினார்.

நடிகை கையை விடவில்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் நினைச்சது சரிதான். பழைய வீடியோ அத்தனையும் பார்த்தேன் மேடம். முதல்ல உங்க விரல் வெளுக்குது, அப்புறம்தான் அவங்க வாய் திறக்குது. ஒவ்வொரு தடவையும். கடைசிக் கச்சேரியில மட்டும் உங்க விரல் வெளுக்கவே இல்ல. ஏன்?"

குருவி கையை இழுத்துக்கொண்டாள்.

"வேர்த்து வழுக்கிடுச்சு" என்றாள் குருவி. சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தை, தானாக வந்து விழுந்தது.

"அதுக்குத்தான் இவங்க அம்மாவை ஒதுக்கி வச்சாங்க" என்று மகள் எழுந்தேவிட்டாள். "எண்ணத் தெரியாதவங்களுக்குக் கை கொடுத்து ஆளாக்கினது எங்கம்மா. அதைப் படத்துல வைங்க சார். ஸ்பீக்கராம், ஸ்பீக்கர்!"

மின்னல் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க எழுந்தாள். "எனக்கு எண்ண வராதா? யாருடி சொன்னா? உங்கம்மா சொன்னாளா?" நடிகையைத் தோளைப் பிடித்து நகர்த்தினாள். "தள்ளும்மா. நான் காட்டறேன். சார், முதல்ல இருந்து போடுங்க. குரல் இல்லாம, வெறும் இசை. கேமரா ஓடட்டும்."

அவள் பக்கத்தில் வந்து நின்று கையை நீட்டினாள். பார்க்காமலே நீட்டினாள், அந்தக் காலத்தில் நீட்டுகிற மாதிரி. குருவி பிடித்துக்கொண்டாள். பிடிக்காமல் இருந்தால் மகள் ஏன் என்று கேட்பாள்.

கை எலும்பும் தோலுமாக, சில்லென்று இருந்தது.

இசை தொடங்கியது. ஒன்று, இரண்டு.

வழுக்கவில்லை. அன்றைக்குக் கை வழுக்கவே இல்லை. அன்றைக்கு மத்தியானம் ஒரு ரேடியோ பேட்டி. பேட்டி எடுத்தவன், குருவியைப் பற்றிச் சொல்லுங்கள் என்றான். மின்னல் சிரித்தாள். "அவளா? அவ எங்க டெய்லர். சும்மா கூட நின்னு முணுமுணுப்பா" என்றாள். குருவி அடுத்த அறையில் மின்னலின் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டே அதைக் கேட்டாள். பட்டனைத் தைத்து முடித்தாள், நூலைப் பல்லால் கடித்தாள், ராத்திரி மேடையில் விரலைத் தளர்த்தினாள். அதை வெளியே சொல்ல மின்னலாலும் முடியவில்லை. சொன்னால் எண்ணத் தெரியாதவள் என்று ஆகிவிடும். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரே பொய்யைக் காப்பாற்றினார்கள். சேர்ந்து உருப்படியாகச் செய்த கடைசிக் காரியம் அதுதான்.

ஐந்து, ஆறு.

இப்போது அழுத்தினால் இவள் மகாராணி. நடிகையும் இவளுக்குத்தான். அழுத்தாவிட்டால் எட்டில் குதிப்பாள், கேமரா ஓடுகிறது, மகள் பார்க்கிறாள். எண்ணத் தெரியாத ஜென்மம் என்று உலகமே தெரிந்துகொள்ளும். வேண்டும், இவளுக்கு நன்றாக வேண்டும். குருவி விரல்களை அசைக்கவில்லை. மனசு குதூகலித்தது. அதை அவளால் மறைக்கக்கூட முடியவில்லை, கண்ணாடியில் அவள் முகம் சிரித்தது.

எட்டு. டிரம் நின்றது.

மின்னல் குதிக்கவில்லை.

ஒன்பது, பத்து, பதினொன்று. குருவியின் கை துணி மாதிரி கிடந்தது. பன்னிரண்டில் மின்னல் எடுத்தாள். கத்தரியால் வெட்டினது மாதிரி, அத்தனை சரியாக. குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது, ஆனால் கூடம் நிறைந்தது. இரண்டு வரி பாடிவிட்டு நிறுத்தினாள்.

"எப்போ கத்துக்கிட்ட?" என்று கேட்டாள் குருவி.

மின்னல் அவள் காதோரம் குனிந்தாள். "நீ கையை விட்ட மறுநாள்ல இருந்து. செருப்புக்குள்ள கால் கட்டைவிரலால எண்ணுவேன். சரியா வர ஒரு வருஷம் ஆச்சு. ரேடியோவுல, டிவியில எல்லாத்துலயும் பாடியிருக்கேனே, ஒண்ணுகூடவா கேட்கல?" அப்புறம் இன்னும் மெதுவாகச் சொன்னாள். "மன்னிச்சிருப்பியான்னு பார்க்கத்தான் கையைக் கொடுத்தேன். அழுத்தக்காரிடி நீ. இன்னிக்கும் விட்டுட்டே."

குருவி கையை உதறிக்கொண்டாள்.

நடிகை ஓரமாகத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு நேரமும் கைகளின் உயரத்தில்தான் அவள் கண்கள் இருந்திருக்கின்றன. எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டாள்.

"சார், நான் மின்னல் மேடமா நடிக்கல. குருவி மேடமா நடிக்கிறேன்."

மகள் கைகொட்டி, ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். குருவிக்கும் ஒரு நொடி நெஞ்சு நிமிர்ந்தது. கிடைத்துவிட்டது! மின்னலைத் திரும்பிப் பார்த்தாள். மின்னல் கோபப்படவில்லை. நாற்காலியில் போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள்.

"திடீர்னு ஏன் மேடம் மனசு மாறிச்சு?" என்று மகள் சந்தோஷமாகக் கேட்டாள்.

"என் கூட நின்னப்போ அழுத்தினாங்க" என்றாள் நடிகை. "இவங்க கூட நின்னப்போ அழுத்தல. எட்டு வர்றப்போ கண்ணாடியில சிரிச்சாங்க, நீங்க பார்க்கலையா? கடைசிக் கச்சேரியிலயும் இதே சிரிப்புதான். வேர்வை இல்லைங்க, வேணும்னே விட்டிருக்காங்க. சிரிச்ச முகத்தோட ஒரு ஆளைக் கைவிடுறவங்க... இந்த மாதிரி ஒரு வேஷத்தை இதுவரைக்கும் எனக்கு யாரும் கொடுக்கல." அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. நல்ல துணியைத் தொட்டுப் பார்த்த சந்தோஷம்தான் இருந்தது.

மகளின் கை குருவியின் தோளிலிருந்து இறங்கியது. "அம்மா?"

குருவி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"வழுக்கிடுச்சுன்னுதானே சொன்ன?"

"அவ என்னைப் பத்தி ரேடியோவுல என்ன சொன்னான்னு உனக்குத் தெரியாதும்மா..."

"வழுக்கிச்சா, இல்லையா?"

குருவி தரையில் இருந்த சிவப்பு டேப்பைப் பார்த்தாள். மகள் அதற்குமேல் கேட்கவில்லை.

டைரக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. "ஸ்பீக்கர் எல்லாம் தூக்கிடலாம்! இதுதான் படம்! கையோட க்ளோசப், விரல் ஒண்ணொண்ணா தளர்றது... மின்னல் மேடம், உங்களுக்கு எண்ண வராதுன்னு காட்டணும். ஒத்துக்குவீங்களா?"

"தாராளமா காட்டுங்க" என்றாள் மின்னல். "இப்போதான் வருதே, எனக்கென்ன? ரேடியோவுல நான் பேசினதையும் வைங்க. பேசினேன், இல்லேங்கல. அவ செஞ்சதையும் வைங்க."

"எனக்கு இஷ்டமில்ல" என்றாள் குருவி. "நான் கையெழுத்துப் போடல."

மகள் தன் பைக்குள்ளிருந்து கோப்பை எடுத்தாள். அதில் அவளே அடித்த கடிதத்தின் நகல் இருந்தது. அம்மா முன்னால் மேசையில் அதை விரித்து, கடைசி வரியில் விரலை வைத்தாள். வேறு நிபந்தனை எதுவும் இல்லை. பக்கத்தில் ஒப்பந்தத்தை வைத்தாள். பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தாள். ஆபீஸில் வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற மாதிரி கொடுத்தாள்.

"எழுதிக் கொடுத்தாச்சு. போட்டுத்தான் ஆகணும்" என்றாள். அம்மா என்று கூப்பிடவில்லை.

குருவி பேனாவைப் பிடித்தாள். முனை தாளில் பட்டது, நகரவில்லை. எல்லாரும் காத்துக்கொண்டு நின்றார்கள். மின்னல் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, குனிந்து, பேனா பிடித்த கையின்மேல் தன் கையை வைத்தாள். ஒரே ஒரு அழுத்து அழுத்தினாள்.

குருவி கையெழுத்துப் போட்டாள். மகள் தாள்களை வாங்கி, பக்கம் பக்கமாகத் திருப்பி, எல்லா இடத்திலும் கையெழுத்து இருக்கிறதா என்று சரிபார்த்தாள். அம்மாவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.